கிணற்றடிப் படத்துப் பூவம்மா

பூவம்மாவுக்கு டெலிவிஷன் பார்க்கத் தெரியவில்லை என்று அவள் பெண்கள் சிரிக்கிறார்கள். தோ பாயோவில் அவர்களுக்குப் புது வீடு கிடைத்த கையோடு மூத்த மருமகன் ஒரு பெட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போனான். அதன் முன்னால் உட்கார்ந்ததும் பூவம்மா செய்கிற முதல் வேலை சத்தத்தை அடியோடு குறைப்பதுதான். பிறகு படத்தில் இருப்பவர்களுக்காக அவளே பேச ஆரம்பிப்பாள். வெள்ளைக்காரப் போலீஸ், சீனத்துப் பாட்டுக்காரி, செய்தி வாசிக்கிறவர், யாராக இருந்தாலும் அவள் வாய் வழியாகத் தஞ்சோங் பகார் லைன் வீட்டுத் தமிழில் ஏசுவார்கள், கெஞ்சுவார்கள், பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பார்கள்.

பெண்களுக்கு வெட்கம். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. போன வாரம் நான் டன்லப் ஸ்திரீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போனபோதுகூட நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு ஒரு முழுப் படத்தைப் பேசித் தீர்த்தோம். சின்னவள் பொறுக்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். போகட்டும். நாங்கள் படம் பார்க்கக் கற்ற இடம் அப்படி.

நான் கதீஜா. டன்லப் ஸ்திரீட்டில் குடை பழுது பார்க்கிற முகைதீனின் வீட்டுக்காரி. குடை அவருக்குப் பிழைப்பு, படம் அவருக்குப் பைத்தியம். ஐம்பத்து நாலாம் வருஷம் என்று நினைக்கிறேன். எங்கோ ஒரு பழைய கொட்டகையைக் கலைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார். சாயங்காலம் ஒரு படம் காட்டுகிற மெஷினும், துருப்பிடித்த தகர டப்பாக்கள் கொஞ்சமும் கைவண்டியில் வந்து இறங்கின. குடை வைக்கவே இடமில்லாத கடை. டப்பாக்கள் என் கட்டிலுக்கு அடியில் போயின.

அவற்றில் இருந்ததெல்லாம் கிழட்டுப் படங்கள். பாதி ஊமைப் படம். மீதி, சினிமாக்காரர்கள் பேச ஆரம்பித்த புதிதில் எடுத்தவை. அந்தப் பேசும் படங்களில் யாரும் பேசினதாக எனக்கு ஞாபகம் இல்லை. வாயைத் திறந்தால் பாட்டுத்தான். ஒருத்தி விஷத்தைக் குடித்துவிட்டு, வரிசையாகப் பாட்டுகளைப் பாடி முடித்த பிறகுதான் சாய்ந்தாள். சத்தமும் தேய்ந்துபோய், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போலக் கேட்கும்.

"கலர் படம் வர்ற காலத்துல இதை யாரு மச்சான் பார்ப்பா?" என்று கேட்டேன்.

"பார்க்காதவங்க பார்ப்பாங்க லா," என்றார்.

அவர் சொன்னது பலித்துவிட்டது, அதுதான் என் கஷ்டம். சனிக்கிழமை ஆனால் ஒரு வாடகை வேனில் மெஷினையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் லைன், செம்பவாங்கில் கடற்படை ஆட்கள் குடியிருந்த இடம், சுவா சூ காங் ரப்பர்த் தோட்டம், சில சமயம் பொங்கோல் கடற்கரை வரை. அங்கெல்லாம் இருந்த நம் ஜனங்கள் பஸ் ஏறிப் பட்டணத்துக் கொட்டகைக்கு வருவது அபூர்வம். இருட்டியதும் பாடாங் திடல் நடுவில் இரண்டு மூங்கில் நட்டுத் திரை கட்டினால் ஊரே பாயோடு வந்து உட்காரும்.

திரை என் தலையில் விழுந்தது. மல் துணியை மூன்று அகலம் மூட்டித் தைத்தவள் நான். வாராவாரம் துவைத்து, நீலம் போட்டு, மாடியில் காயப்போட்டு, அது காற்றில் பறந்து பக்கத்து வீட்டு ஜன்னலை மூடியதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவளும் நான்தான். அவ்வளவு பாடுபடுகிற துணி அங்கே போய் என்ன செய்கிறது என்று பார்க்கலாமே என்றுதான் ஒரு சனிக்கிழமை நானும் வேனில் ஏறினேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட வீட்டில் இருக்கவில்லை. பைத்தியம் ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பாடாங்கில் உட்காருவதற்கு ஒரு முறை இருந்தது. மெஷின் இருக்கிற பக்கம் ஆண்கள். துணிக்கு அந்தப் பக்கம் பெண்களும் பிள்ளைகளும். யார் வைத்த சட்டமோ தெரியாது. எல்லா இடத்திலும் அப்படித்தான். துணி மெல்லியது என்பதால் வெளிச்சம் ஊடுருவி எங்கள் பக்கமும் படம் தெரியும். மெஷினின் கடகடப்பு, பீடிப் புகை, விசில் எல்லாம் அவர்களோடு. எங்கள் பக்கம் புல்லும் இருட்டும் நிலாவும்தான். காற்று வந்தால் ராஜாவின் முகம் உப்பும், சுருங்கும், நிமிரும். துணியின் ஓரத்தைத் தாண்டி நட்சத்திரம் தெரியும். மடியில் தூங்குகிற பிள்ளையின் கன்னத்தில் ஒரு ராணியின் வெளிச்சம் விழுந்து போகும். அந்த நேரத்தில் நான் யார் மனைவி, நாளைக்கு என்ன ஆணம் வைக்கலாம் என்பதெல்லாம் எங்கோ போய்விடும். ஆனந்தமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கென்ன கூச்சம்.

பேசும் படத்தைவிட ஊமைப் படம்தான் எங்கள் பக்கம் ராசி. ஆண்கள் பக்கத்தில் யாராவது நடு நடுவே வரும் எழுத்தை உரக்கப் படிப்பார். அது எங்கள் காதுக்கு எட்டாது. அதனால் நாங்களே பேசினோம். ஒருத்தி ராணி, ஒருத்தி மாமியார், தொண்டை கட்டியவள் மந்திரி. அந்த ராஜ வம்சங்கள் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. எழுத்து துணியில் வரும்போது எனக்கும் ஒன்றும் புரியாது. நான் ஓதப் படித்தது அரபுத் தமிழ், அரபு எழுத்தில் வலமிருந்து இடம் போவது. இது இன்னும் வேறு மாதிரி கோணலாகத் தெரிந்தது, நமக்குத் தெரியாத பாஷை என்று விட்டுவிட்டேன். மற்ற பெண்களுக்கு எந்த எழுத்தும் கிடையாது. ராஜா கத்தியை இடது கையில் உருவுவார். பெண்களின் முந்தானை வலது தோளில் கிடக்கும். முதல் நாள் யாரோ, "என்னடி இது கட்டு?" என்று கேட்டாள். "அந்தக் காலத்துல அப்படித்தான்," என்றாள் இன்னொருத்தி. முடிந்தது. படத்து உலகத்துக்குத் தனி வழக்கம் உண்டு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அங்கேதான் பூவம்மா எனக்குப் பழக்கமானாள்.

அவள் புருஷன் செல்லக்கண்ணு கச்சாங் பூத்தே விற்கிறவர். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு வகையெல்லாம் பலகைத் தட்டில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கேட்டதைக் காகிதச் சுருளில் போட்டுத் தருவார். எங்கே படமோ அங்கே கடலை. அவர் ஆண்கள் பக்கம் விற்க, பூவம்மா ஒரு கூடையோடு எங்கள் பக்கம் வருவாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கூடையில் கடலை, வாயில் ஓயாத பேச்சு. பஃபலோ ரோட்டுப் பக்கம் ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்து, பகல் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவள். புகை கண்ணில் ஏறினால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கைச் சுருக்கி, கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். அப்போது பார்க்கிறவர்கள் யாரோடோ சண்டை என்றுதான் நினைப்பார்கள்.

அன்று சுவா சூ காங்கில் ஒரு புது டப்பாவைத் திறந்தார் என் வீட்டுக்காரர். புது டப்பா என்றால் இன்னும் பழசு. முதல் சுருள் இல்லை, அதனால் படத்துக்குப் பெயரும் இல்லை. ராஜா நாட்டை இழந்து நடந்துகொண்டிருப்பதில் ஆரம்பிக்கும். நாட்டை எப்படி இழந்தார் என்பது காணாமற்போன சுருளோடு போயிற்று. வெயிலில் நடந்து வருகிறவர் ஒரு கிணற்றடியில் நின்று தண்ணீர் கேட்கிறார். அங்கே நாலைந்து பெண்கள். இரண்டு பேர் சேர்ந்து கயிறு இழுக்கிறார்கள், ஒருத்தி குடத்தை இரண்டு கையாலும் அணைத்திருக்கிறாள். உருண்டை முகமாக ஒருத்தி முன்னால் வந்து சிரித்துக்கொண்டே செம்பைச் சாய்த்து ஊற்றுகிறாள். ஓரத்தில் ஒல்லியாக ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறாள். ராஜா குடித்துவிட்டுப் போகிறார். ஒரு வெற்றிலை மடிப்பதற்குள் முடிந்துவிடும்.

பூவம்மா யாருக்கோ நீட்டிய கடலை அப்படியே புல்லில் கொட்டியது. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கதீஜாக்கா, அந்தக் கிணத்தடிப் பொம்பளைங்க மறுபடி வருவாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? ஏன்?"

"அதுல ஒருத்தி எங்கம்மா."

அந்தப் படம் முடியும் வரைக்கும் அவள் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ராஜா நாட்டைத் திரும்பப் பெற்றாரா என்றுகூட அன்று எனக்குத் தெரியாது. அவள் அம்மா பெயர் ரத்தினம்மா. சென்னையில் சித்தாள் வேலை. ஒரு புரட்டாசியில், சனிக்கிழமை விரதமும் அதுவுமாக வெறும் வயிற்றோடு வேலைக்குப் போன இடத்தில், பயாஸ்கோப் பிடிக்கிறவர்கள் வந்து தண்ணீர் எடுக்கிற பெண்களாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். நாடிழந்த ராஜா தண்ணீர் கேட்கிற இடமாம். ஒரு நாள் போனவள், உடம்புக்கு முடியவில்லை என்று மறுநாள் போகவில்லை. அடுத்த சித்திரையில் பூவம்மாவைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள்.

அப்பா மருதப்பன் கைக்குழந்தையையும் தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி, தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கினார். சித்திரையில் பிறந்து ஆத்தாளை விழுங்கியவள் என்று அத்தை சொல்லிச் சொல்லியே பூவம்மாவை வளர்த்தாள். ரத்தினம்மாவின் போட்டோ என்று ஒன்று கிடையாது. அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டால் மருதப்பன் நன்றாக யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருப்பா," என்பாராம். ஆண்பிள்ளைகளிடம் முகம் கேட்டால் அவ்வளவுதான் வரும். இன்னும் நச்சரித்தால் ஒன்று சொல்வார்: "அவளுக்கு எல்லாத்துக்கும் நொட்டாங்கைதான்." ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போனவர் திரும்பவில்லை. அம்மாவின் அடையாளமாக உலகத்தில் மிச்சமிருந்தது இடது கைக்காரி என்கிற அந்த ஒரு சொல்தான்.

"பார்த்தீங்கள்ல, அந்த உருண்டை மூஞ்சி நொட்டாங்கையால ஊத்துச்சு," என்றாள் பூவம்மா. "ராஜாவுக்கு யாராச்சும் நொட்டாங்கையால தண்ணி ஊத்துவாங்களா? பொறந்ததுலேர்ந்தே அப்படியிருந்தாத்தான் ஊத்துவாங்க. அவதான்க்கா. எப்படிச் சிரிக்கிறா பாருங்க."

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள் உடனே. "பயாஸ்கோப்புல ஆடினவ மகள்னு மாமியார் ஒரு பிடி பிடிச்சா நான் எங்க போவேன்?"

அந்தப் பயம் நியாயமானது. படத்தில் ஒரு ஓரமாக நின்றாலும் பேச்சுக்கு ஆளாகிற காலம் அது. ஆகவே துணிக்கு இந்தப் பக்கம் மட்டும் விஷயம் பரவியது. அந்தப் பக்கத்துக்கு ஒரு சொல் போகவில்லை. பெண்கள் வாய் ஓட்டை என்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை நாங்கள் கிணத்தடிப் படம் என்று சொல்ல ஆரம்பித்தோம். அதை எங்கே போட்டாலும், ராஜா வெயிலில் நடக்கத் தொடங்கியதும் யாராவது பூவம்மாவின் இடுப்புப் பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். இன்னொருத்தி கூடையை வாங்கிக்கொள்வாள். அவள் எழுந்து போய்த் துணியைத் தொடுகிற தூரத்தில் நிற்பாள். உருண்டை முகம் சிரிக்கும். பூவம்மா அவளுக்குப் பேசுவாள்: "குடிங்கய்யா, வயிறாரக் குடிங்க. என் மவ இங்கதான் நிக்கிறா, பார்த்தீங்களா?" நாங்கள் எல்லாரும் ராஜாவுக்காக, "பார்த்தேன் தாயி, பார்த்தேன்," என்போம். பெரிய பெண் பள்ளிக்கூடம் சேர்ந்தது, சின்னவளுக்கு அம்மை போட்டு இறங்கியது எல்லாம் அந்தச் சிரிப்பிடம்தான் முதலில் சொல்லப்பட்டது. காற்றடித்தால் அந்த முகம் துணியோடு இவள் பக்கமாகச் சாயும். அப்போது பூவம்மா கையை நீட்டுவாள்.

ஓரத்தில் நின்ற ஒல்லிப் பெண்தான் எங்களுக்கு விளையாட்டுக்குக் கிடைத்தவள். அவள் ராஜாவைப் பார்ப்பதே இல்லை. நிமிர்ந்தால் முகத்தைத் திருப்புவாள், மூக்கைச் சுருக்குவாள், புறங்கையால் வாயைத் துடைப்பாள், குடத்தைப் பட்டென்று இறக்குவாள். சிடுமூஞ்சி என்று அவளுக்குப் பெயர். அவளுக்கும் பூவம்மாவே பேசுவாள்: "சனியனே, கை கால் நல்லாத்தானே இருக்கு? நீயே இறைச்சுக் குடிக்கிறது!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். தன் அம்மாவின் நல்ல குணத்தை எடுத்துக் காட்டுவதற்கென்றே பக்கத்தில் ஒரு கெட்டவளை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது பூவம்மாவின் கட்சி.

வருஷங்கள் அப்படியே போயின. படத்தில் கோடுகள் கூடின. கிணற்றடிப் பெண்கள் மழையில் நிற்பது போல ஆனார்கள். பல இடங்களில் ஆட்களும் குறைந்தார்கள், வீட்டுக்கு வீடு வானொலி வந்துவிட்டது, டெலிவிஷன் வரப்போகிறது என்று பேச்சு. அறுபத்து ஒன்றாம் வருஷக் கடைசியில் ஒரு நாள் மாலை, தஞ்சோங் பகாரில் திரை கட்டிக்கொண்டிருக்கும்போதே சடாரென்று ஒரு காற்றும் மழையும் வந்து என் துணியைக் குறுக்கே கிழித்துவிட்டுப் போயின. மழை விட்டதும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "என்னைப் பார்க்காதீங்க மச்சான், நான் ஊசியும் நூலுமா பொறக்கல," என்றேன்.

பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கு இருந்தது, புதிதாக வெள்ளையடித்த சுவர். அதிலேயே படத்தைக் காட்டலாம் என்றார்கள். சுவருக்குப் பின்பக்கம் ஏது? லைனில் பெரியவர்கள் கொஞ்ச நேரம் கூடிப் பேசி, நடுவே ஒரு கப்பல் கயிற்றை நீளமாகப் போட்டார்கள். வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் நாங்கள். மெஷினுக்கு முன்னால் நாங்கள் உட்காருவது அதுதான் முதல் தடவை. வெளிச்சம் தலைக்கு மேலே போவதை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தோம். அதில் மழைக்கு வந்த பூச்சிகள் மின்னின.

ராஜா நடந்து வந்தார். எப்போதும் வலமிருந்து வருகிறவர், அன்று இடமிருந்து வந்தார். வழக்கம்போல யாரோ பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள், பூவம்மா எழுந்தாள். உருண்டை முகம் சிரித்தது. செம்பைத் தூக்கியது. சோற்றுக் கையால் ஊற்றியது.

பூவம்மா திரும்பி நேரே மெஷினிடம் போனாள். கயிற்றை மிதித்துக்கொண்டு போனாள்.

"பாய், நிறுத்துங்க! படத்தைத் திருப்பி மாட்டிட்டீங்க!"

என் வீட்டுக்காரரைக் குடைக்காக ஏசலாம், சிரித்துக்கொள்வார். மெஷின் விஷயத்தில் அவர் தொட்டால் சுருங்கி. "யாரு, நானா? எழுத்து நேரா வருது, கேட்டுப் பாரு லா!" என்றார். படத்தை நிறுத்திவிட்டார். நாலு ஆண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"எழுத்தை நான் என்னத்தைக் கண்டேன்? அவ நொட்டாங்கையாலதான் ஊத்துவா. எத்தனை வருஷமா பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"நீ எந்தப் பக்கம் உக்காந்து பார்த்தே?" என்று கேட்ட என் வீட்டுக்காரர், கேட்ட பிறகுதான் தான் கேட்டதை யோசித்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "தங்கச்சி, துணிக்குப் பின்னால இருந்து பார்த்தா எல்லாம் கை மாறித்தான் தெரியும். கண்ணாடியில பார்க்கிற மாதிரி."

ராஜாவின் கத்தி, முந்தானைகள், எனக்குப் புரியாத அந்தக் கோணல் எழுத்து எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி நின்றன. துணி தைத்தவள் நான், இரண்டு பக்கமும் தொட்டவள் நான், எனக்கே இது தோன்றியதில்லை.

பூவம்மா அங்கேயே நின்றாள். "அப்போ அவ எங்கம்மா இல்லையா?" என்றாள். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. பாடாங் முழுக்கக் கேட்டுவிட்டது.

செல்லக்கண்ணு தட்டைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்தார். அதிகம் பேசாத மனிதர். தொலைந்தது என்று நினைத்தேன்.

"உங்கம்மா படத்துல நடிச்சாங்களா?"

"நடிக்கல. தண்ணி எடுத்தாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா உங்காத்தா என்னை வெச்சிருப்பாங்களா?"

"ஆத்தாகிட்ட சொல்லாதது சரிதான். என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்." அவர் கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்தார். அதில் அப்போது வெறும் சுண்ணாம்புதான். "உங்கம்மா நொட்டாங்கைக்காரியா? அப்ப அது ஓரத்துல நிக்கிறவதானே. எத்தனை தடவை பார்த்திருக்கேன். குடத்தை வாங்குறது நொட்டாங்கை, வாயைத் தொடைக்கிறதும் நொட்டாங்கை."

"அந்தச் சிடுமூஞ்சியா?"

அவள் முகத்தை நான் அப்போது பார்த்தேன், இனி ஒருநாளும் அதை அப்படிப் பார்க்க விரும்பவில்லை. இத்தனை வருஷம் சனியனே என்று கூப்பிட்டு, பிள்ளைகளை விட்டுச் சிரிக்க வைத்தவள்.

"பாய்," என்றார் செல்லக்கண்ணு, "கிணத்தடிய இன்னொரு தரம் போடுங்க."

என் வீட்டுக்காரர் நடுவில் சுருளைப் பின்னுக்குச் சுற்றுகிற வழக்கமே இல்லை, அவ்வளவு நைந்த படம். அன்று கையால் சுற்றினார்.

ராஜா திரும்பவும் நடந்து வந்தார். பூவம்மா சுவரிடம் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்த ஒல்லிப் பெண்ணை மட்டும் பார்த்தேன். அதுவரை எங்கள் பக்கத்தில் அவளை யாரும் கூர்ந்து பார்த்ததில்லை, எல்லாரும் உருண்டை முகத்தைத்தான் பார்த்திருந்தோம். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினாள். மூக்கைச் சுருக்கினாள். கீழுதட்டைக் கடித்தாள். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற பூவம்மாதான் அது. பிறகு இடது புறங்கையை வாயில் வைத்து அழுத்தினாள். தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. குடத்தை இறக்கிவிட்டுக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து பெற்றவள் நான். அதற்கு எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

"பூவு, உங்கம்மா படத்துக்குப் போனது புரட்டாசியிலதானே?"

"ஆமா."

"நீ பொறந்தது சித்திரை."

"ஆமா. அதான் ஆத்தாளை..."

"அத்தை பேச்சை விடு. விரலை விட்டு எண்ணிப் பாரு. அவ மூஞ்சியச் சுளிக்கலடி. அவளுக்கு மசக்கை. வெறும் வயித்தோட வெயில்ல நின்னு, வாந்தியை அடக்கிக்கிட்டு நிக்கிறா. ராஜா மேலயும் கோபமில்ல, யார் மேலயும் கோபமில்ல. உள்ள இருந்து படுத்துறது நீ."

பூவம்மா விரலை எண்ணவில்லை. சுவரைப் பார்த்தாள். அதில் ராஜா எப்போதோ காட்டுக்குள் போய்விட்டிருந்தார். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது.

"அப்ப நானும் இருக்கேனாக்கா, அந்தப் படத்துல?"

"இருக்கே. முன்னாலயே இருந்திருக்கே."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அந்த உருண்டை மூஞ்சியை என்ன பண்றது? எவ்வளவு கதை சொல்லியிருக்கேன் அவகிட்ட."

"பெரியம்மான்னு வெச்சுக்கோ," என்றேன். சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும், அதுதான் சரி, பெரியம்மாதான் என்று ஒத்துக்கொண்டார்கள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "மேல போடுங்க பாய்," என்றான். செல்லக்கண்ணு திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவன் அடங்கிவிட்டான். யாரும் கேட்காமலே என் வீட்டுக்காரர் மூன்றாம் தடவை காட்டுவதற்காகச் சுருளைப் பின்னுக்குச் சுற்றினார்.

இந்தத் தடவை பூவம்மா எழுந்தாள். போய்ச் சுவரை ஒட்டி நின்றாள், காற்றில் அசையாத, அவள் பக்கமாகச் சாயாத சுவர். பெரியம்மா சிரித்தாள், செம்பைத் தூக்கினாள். யாரும் அவளுக்குப் பேசவில்லை. ராஜாவுக்கும் பேசவில்லை. ஓரத்தில் நின்றவள் முகத்தைத் திருப்பி, இடது கையை வாயில் வைத்தாள்.

பூவம்மா அவளுக்காகப் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனாலும் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"சும்மா இருடி, என் கண்ணு. இந்த ஒரு குடத்தை இறக்கி வெச்சுட்டு வந்துர்றேன்."

சுவரில் ரத்தினம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.